இரண்டு வகைக் கோர், ஒரே கவுன்ட்டர்: 14 மாத அனுபவம்

திருநகரில் எங்கள் மாடி அறைக்கு நேர் மேலே மொட்டை மாடி. அக்னி நட்சத்திரத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குச் சுவரில் கை வைத்தாலும் சுடும். அந்த அறையில்தான் ஆர்கே3588 சிப் கொண்ட சின்னக் கணினி ஒன்று 14 மாதங்களாக ஓடுகிறது. அதில் லினக்ஸ், அதன் மேல் கேவிஎம் என்னும் லினக்ஸ் வசதி வழியாக மூன்று மெய்நிகர் இயந்திரங்கள், அதாவது மென்பொருளால் உருவாக்கிய தனித்தனிக் கணினிகள். தமிழ்ச் சொற்களைச் சந்தி பிரிக்கும் நிரல் ஒன்றை நானும் அக்கா மகனும் எழுதி வருகிறோம். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அது வேகம் கூடியதா, குறைந்ததா என்று அந்த மூன்றில் ஒன்றுக்குள் அளக்கிறோம்.

கடிகாரத்தை நம்பி அளக்க முடியாது. சூடு ஏறினால் சிப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் எடுத்த நேரம் பிற்பகலில் வராது. நிரல் நிறைவேற்றும் கட்டளைகளின் எண்ணிக்கைக்கு வெயில் தெரியாது. அதனால் செயலிக்குள்ளேயே இருந்து அதை எண்ணும் செயல்திறன் கவுன்ட்டர்களை பெர்ஃப் என்னும் லினக்ஸ் கருவியால் படிக்கிறோம். அவை சொல்லும் எண்தான் எங்களுக்கு ஒரே பிடி.

முதல் மாதமே அந்தப் பிடி நழுவியது. "மாமா, அதே நிரல், அதே கோப்பு. நேற்று வந்ததில் பாதிதான் இன்று வருகிறது" என்றான். விடை முன்கூட்டியே தெரிந்த ஒரு சோதனை எழுதினேன்: ஒன்றைக் கழி, பூஜ்யம் இல்லையென்றால் திரும்பிப் போ. சுற்றுக்கு இரண்டு கட்டளை, 500 கோடி சுற்று. 1000 கோடியும் கொஞ்சமும் வர வேண்டும். ஒரு முறை சரியாக வந்தது. அடுத்த முறை பாதிகூட வரவில்லை.

காரணம் சிப்பின் அமைப்பில் இருக்கிறது. அதற்குள் எட்டுக் கோர்கள், அதாவது தனித்தனியாகக் கட்டளைகளை நிறைவேற்றும் செயலிகள். 0 முதல் 3 வரை கார்ட்டெக்ஸ்-ஏ55 என்னும் சிறிய கோர்கள். 4 முதல் 7 வரை கார்ட்டெக்ஸ்-ஏ76 என்னும் பெரியவை. இரு வகைக்கும் தனித்தனி பிஎம்யூ, அதாவது கவுன்ட்டர் தொகுதி. மெய்நிகர் இயந்திரத்துக்குக் கிடைப்பதோ ஒன்றே ஒன்று. எது வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், மெய்நிகர் செயலி தயாராகும் அந்தக் கணத்தில் அது எந்தக் கோரில் இருக்கிறதோ, அதன் பிஎம்யூவையே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஒதுக்கிவிடுகிறது. பிறகு அந்தச் செயலி மற்ற வகைக் கோருக்கு மாறினால், நிரல் ஓடும், கவுன்ட்டர் நின்றுவிடும். பிழைச் செய்தி கிடையாது, எச்சரிக்கை கிடையாது. இந்த மௌனம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. தவறான எண்ணை நம்பி, நல்ல திருத்தம் ஒன்றை நாங்கள் தூக்கி எறிந்திருந்தோம்.

சரிசெய்யப் போன இடத்திலும் ஒரு பள்ளம் இருந்தது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை 4-7 கோர்களில் கட்டிப்போட்டேன். கவுன்ட்டர் சுத்தமாகப் பூஜ்யம் காட்டியது. அந்த இயந்திரம் பிறந்தது ஏ55 கோரில். ஒதுக்கிய பிஎம்யூவும் அங்கேயே தங்கிவிட்டது. ஆகவே மெய்நிகர் இயந்திரத்தை இயக்கும் க்யூஎம்யூ நிரலைத் தொடங்கும்போதே, எந்தக் கோர்களில் ஓடலாம் என்று வரையறுக்கும் டாஸ்க்செட் கட்டளையால் 4-7க்குள் வைத்துத் தொடங்க வேண்டும். அப்படிச் செய்த நாள் முதல் எண் பிசகவில்லை. மற்ற இரண்டு இயந்திரங்களையும் சிறிய கோர்களுக்கு அனுப்பிவிட்டேன். கோப்புப் பரிமாற்றத்துக்கு அவை தாராளமாகப் போதும்.

எந்த பிஎம்யூ வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்கும் வசதி 2022இல், லினக்ஸ் 5.18இல் வந்தது. அப்படிக் கேட்டால், பொருந்தாத கோரில் மெய்நிகர் செயலியை ஓடவிடாமல் கெர்னல் தடுத்துவிடும். கறாரான ஏற்பாடுதான், எனக்குப் பிடித்திருக்கிறது.

அலுவலக மேசையில் இருப்பது 12ஆம் தலைமுறை இன்டெல். அதிலும் இரு வகைக் கோர்கள். அத்தகைய செயலிகளில் மெய்நிகர் இயந்திரத்துக்குக் கவுன்ட்டர் கொடுப்பதையே கேவிஎம் 2023இல் நிறுத்திவிட்டது. உள்ளே பெர்ஃப் ஓட்டினால், இந்த வசதி இல்லை என்று பதில் வரும். முதலில் எரிச்சலாக இருந்தது. மாடி அறை அனுபவத்துக்குப் பிறகு, பாதி எண்ணைவிட இந்தப் பதிலே மேல் என்று நினைக்கிறேன்.

இப்போது ஒவ்வொரு அளவீட்டுக்கு முன்னும் அந்த 500 கோடிச் சுற்று ஓடுகிறது. பங்குனியில் ஒரு ராத்திரி மின்சாரம் போய் வந்தபோது இயந்திரம் டாஸ்க்செட் இல்லாமல் எழுந்திருந்தது. சோதனை எண் குறைந்ததால் அளவீடு தொடங்கவே இல்லை. காலையில் மருமகன்தான் பார்த்துவிட்டு, தொடக்க ஸ்கிரிப்டில் விடுபட்டிருந்த ஒரு வரியைச் சேர்த்தான்.