திருவாரூரில் ஒரு ஜெர்சி கடையும் வில்லாரியல் மஞ்சளும்

திருவாரூர் பனகல் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது இந்த ஜெர்சி கடை. "பேரைப் போட்டுறாதீங்க சார், மே மாச ஆர்டரே முடிக்க முடியாம கெடக்கு" என்று கடைக்கார அண்ணன் கேட்டுக்கொண்டதால் பெயர் போடவில்லை. சந்துக்குள் நுழைந்துவிட்டால் கடையைத் தவறவிட முடியாது. வாசலில் எப்போதும் நாலைந்து பையன்கள் நிற்பார்கள், அதில் பாதிப் பேர் 7-ஆம் நம்பருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணி நல்ல துணி, பிரிண்ட் அருமை, அளவு விஷயத்தில் மட்டும் கடையை நம்பாதீர்கள்.

எங்கள் தெருவுக்கு ஒரு எழுவர் கால்பந்து அணி உண்டு. கோடையில் அதிராம்பட்டினம் பக்கமெல்லாம் போய் ஆடிவிட்டு வருவார்கள். ஆளுக்கொரு பனியனில் போய் நின்றால் நடுவரே சிரிக்கிறார் என்று ஜெர்சி அடிக்க முடிவானது. பையன்களில் பாதி ரியல் மாட்ரிட் ரசிகர்கள், பாதி பார்சிலோனா. வெள்ளையா, நீலம் சிவப்புக் கோடா என்று பேச்சு முற்றியபோது, பணத்துக்கு ஏற்பாடு செய்பவன் என்ற உரிமையில் நான் சொன்னேன்: மஞ்சள். வில்லாரியல் மஞ்சள்.

வில்லாரியல் ஸ்பெயினின் ஒரு கால்பந்துக் கிளப். எனக்கு அதன் மேல் பைத்தியம் பிடித்தது 2006 ஏப்ரலில். ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி. இங்கிலாந்தின் ஆர்சனலோடு முதல் ஆட்டத்தில் ஒரு கோல் பின்தங்கி, இரண்டாவதில் கோலே விழாமல் போய்க்கொண்டிருக்க, கடைசி நிமிடங்களில் பெனால்டி. வில்லாரியலின் ரிக்கெல்மே அடித்ததை ஆர்சனல் கோல்கீப்பர் லேமன் தடுத்துவிட்டார். நம்மூர் நேரத்துக்கு அப்போது நள்ளிரவு தாண்டி வெகு நேரம். ஜெயித்த அணியை விட்டுவிட்டுத் தோற்ற அணியைப் பிடித்துக்கொள்வது என் சுபாவம், வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

பணத்துக்கு ஒரு டைல்ஸ் கடைக்காரரிடம் போனேன். அவரை மடக்கியது வில்லாரியல் கதைதான். ஸ்பெயினில் காஸ்தெயோன் மாகாணம் முழுக்க டைல்ஸ் தொழில். அங்கே ஏறக்குறைய 50,000 பேர் வாழும் ஊர் வில்லாரியல், நம் திருவாரூர் நகராட்சியை விடக் கொஞ்சம் சின்னது. மைதானத்தில் மட்டும் ஏறக்குறைய 23,000 பேர் உட்காரலாம். கிளப்பை 1997-இல் வாங்கிய ஃபெர்னாண்டோ ரோய்க் ஒரு டைல்ஸ் முதலாளி. சட்டையின் மார்பில் அவருடைய பமேசா கம்பெனிப் பெயர்தான். 2017-இல் மைதானத்தின் பெயரையே 'செராமிக்கா மைதானம்' என்று மாற்றிவிட்டார்கள். நம்மவர் இதுவரை கேட்டுவிட்டு, "லாபம் வருதாமா?" என்றார்.

லாபக் கணக்கு எனக்கு எங்கே தெரியும்? தெரிந்ததைச் சொன்னேன். வாங்கிய அடுத்த வருடமே முதல் டிவிஷனுக்கு ஏறினார்கள், ஒரே சீசனில் இறங்கினார்கள், 2000-இல் மறுபடி ஏறினார்கள். 2008-இல் ரியல் மாட்ரிட்டுக்கு அடுத்து லீக்கில் இரண்டாம் இடம். 2011-12 சீசன் மட்டும் தனிக்கதை. சாம்பியன்ஸ் லீக் குரூப்பில் ஆறு ஆட்டம், ஆறும் தோல்வி. லீக்கின் கடைசி நாளில் சொந்த மைதானத்தில் அத்லெடிகோ மாட்ரிட்டிடம் கடைசி நிமிடங்களில் ஃபால்காவோ அடித்த ஒரே கோலில் தோற்று இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கினார்கள். கிளப்பின் 'பி' அணி அப்போது இரண்டாம் டிவிஷனில்தான் ஆடிக்கொண்டிருந்தது. ஒரே கிளப்பின் இரண்டு அணிகள் ஒரே டிவிஷனில் இருக்கக்கூடாது என்பதால் அதையும் கீழே தள்ளினார்கள். அப்பா கடன்பட்டால் பிள்ளை வீட்டையும் ஜப்தி செய்கிற மாதிரி.

"அன்னிக்கே வித்துட்டுப் போயிருக்கலாமே?" என்றார் டைல்ஸ்காரர். விற்கவில்லை, ஒரே வருடத்தில் மேலே வந்துவிட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மார்பில் கடைப் பெயரும் போன் நம்பரும் பெரிசாக வர வேண்டும் என்ற நிபந்தனையோடு பாதிச் செலவை ஏற்றுக்கொண்டார்.

சரி, கடைக்கு வருவோம். அண்ணன் செய்வது சப்ளிமேஷன் பிரிண்ட். டிசைனைத் தாளில் அச்சடித்து, வெள்ளைப் பாலியஸ்டர் துணிமேல் வைத்து, ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவார்கள். மை ஆவியாகி நூலுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். மேலே ஒட்டுகிற ரப்பர் பிரிண்ட் துவைக்கத் துவைக்க வெடிக்கும், உரியும். இது நூலோடு சேர்ந்துவிடுவதால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் காட்டனில் எடுக்காது. 'காட்டன்லயே சப்ளிமேஷன் போட்டுத் தரேன்' என்று எவராவது சொன்னால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று: மஞ்சள் துணி என்று எதுவும் கிடையாது, அந்த மஞ்சளே அச்சுதான். உட்புறம் வெள்ளையாகவே இருக்கும். அழுத்தும்போது துணி மடங்கியிருந்தால் அந்த மடிப்பில் வெள்ளைக் கோடு விழும். எங்களுக்கு வந்ததில் ஒரு சட்டையில் அக்குளுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கோடு. காட்டியதும் ஒன்றும் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டு வேறு அடித்துக் கொடுத்தார்.

நிறத்துக்குத்தான் நான் பாடாய்ப்பட்டேன். கம்ப்யூட்டரில் தெரிகிற மஞ்சள் துணியில் வராது. அண்ணனிடம் ஏற்கெனவே ஒரு மஞ்சள் ஃபைல் இருந்தது, சிஎஸ்கே ரசிகர்களுக்காகப் போட்டது. "இதையே அடிச்சுருவோமா சார், எல்லாரும் இதான் கேக்கறாங்க." கூடாது என்றேன். முகம் சுளிக்காமல் ஒரு துண்டுத் துணியில் நாலு விதமான மஞ்சளை அடித்துக் கையில் கொடுத்து, "வெளில வெயில்ல போய்ப் பாருங்க, டியூப்லைட்ல பாக்காதீங்க" என்றார். இந்த ஒரு காரியத்துக்காகவே இந்தக் கடைக்குப் போகலாம். அப்படியும் என்ன, சட்டை வந்த அன்று தெருவில் எல்லோரும் கேட்டது, "சிஎஸ்கேவா?"

மாதிரித் துணி தயாராகும்வரை அண்ணனுக்கு அந்த மஞ்சளின் கதையைச் சொன்னேன். 1923-இல் தொடங்கியபோது கிளப்புக்கு வெள்ளைச் சட்டை, கறுப்பு ஷார்ட்ஸ். 1947-இல் சீசன் தொடங்கும் நேரத்தில் தலைவரின் மகன் வலென்சியாவுக்குச் சட்டை வாங்கப் போனார். வெள்ளை ஸ்டாக் இல்லை, கடையில் இருந்தது மஞ்சள். வாங்கி வந்துவிட்டார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். "அந்தக் கடைக்காரன் கெட்டிக்காரன் சார். தேங்குன சரக்கத் தள்ளிவுட்டுருக்கான்." தொழில்காரருக்குத்தான் அப்படித் தோன்றும்.

ஒரிஜினல் சின்னத்தை மட்டும் போட மாட்டேன் என்றுவிட்டார். வில்லாரியல் முத்திரையும் கிடையாது, அவர்களுக்குச் சட்டை செய்யும் ஜோமா கம்பெனி லோகோவும் கிடையாது. காப்பி லோகோ வேலையே வேண்டாம் என்பது அவர் கொள்கை. பையன்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். நான் அண்ணன் பக்கம். டிசைன் பார்க்கும் தம்பி ஆழித்தேரை வைத்து ஒரு சின்னம் போட்டுக் கொடுத்தான், நாலைந்து கோடுதான், தேர் என்று பார்த்ததும் தெரிகிறது. இப்போது ஒரிஜினலைப் பற்றி எவனும் பேசுவதில்லை.

டைல்ஸ்காரரின் போன் நம்பரையும் தம்பிதான் காப்பாற்றினான். அவர் கேட்ட அளவில் போட்டால் சட்டை துண்டுப் பிரசுரம் ஆகியிருக்கும். கடைப் பெயர் முன்னால், நம்பர் முதுகில் கழுத்துக்குக் கீழே என்று பேசி முடித்தான். "கோல் அடிச்சிட்டு ஓடறப்ப எல்லாருக்கும் முதுகுதான் சார் தெரியும்" என்றதும் அவர் மறுபேச்சுப் பேசவில்லை.

குறைக்கு வருகிறேன். கடை அட்டவணையில் 38 என்று இருப்பதை 36 என்று படித்துக்கொள்ளுங்கள். இந்தத் துணி இழுத்தால் அவ்வளவாகக் கொடுக்காது. வீட்டிலிருந்து பொருத்தமான பழைய சட்டை ஒன்றை எடுத்துப் போய் அதன்மேல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எங்கள் பின்கள ஆட்டக்காரன் கொஞ்சம் வாட்டசாட்டம். அவன் சட்டையை அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, இருபுறமும் பிரித்துத் துண்டு வைத்துத் தைத்தார். ஓவர்லாக் தையல் அவர் கை, நூல் ஒன்றும் பிரியவில்லை. ரிப் காலர் மட்டும் எல்லாருக்கும் இறுக்கம், வி-கழுத்து கேட்பது நல்லது. சொன்ன தேதிக்கும் கிடைக்காது. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே கையில் வரும்படி தேதியைச் சொல்லி வையுங்கள்.

விலை: பெயர், நம்பரோடு அரைக்கை சட்டை 320 ரூபாய், ஷார்ட்ஸ் 180. பாதி முன்பணம், ஜிபே வாங்குகிறார், பில் கேட்டால் தருகிறார்.

நான் பருவகாலப் பட்டியல் எழுத்தராக நெல் கொள்முதல் நிலையத்தில் இருக்கிறேன். 2022 மார்ச்சில் சம்பா மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டுவிட்டுக் காவலிருந்த ராத்திரியில்தான் வில்லாரியல் இத்தாலியின் டூரின் போய் யுவெண்டஸை 3-0 என்று சாய்த்ததைப் போனில் பார்த்தேன். அதற்கு முந்தைய மே மாதம் ஊரடங்கில் ஐரோப்பா லீக் இறுதி. மான்செஸ்டர் யுனைடெட்டோடு 1-1, பெனால்டியில் 11-10. 22 உதையில் 21 கோல். கோல்கீப்பர் ருல்லி தானும் ஒன்று அடித்துவிட்டு எதிரணிக் கோல்கீப்பர் தெ ஹேயா அடித்ததைத் தடுத்தார். அந்த ஊரிலேயே பிறந்து கிளப் பள்ளியிலேயே வளர்ந்த பாவ் தோரஸும் அன்று ஒரு பெனால்டியை உள்ளே போட்டார். விடியற்காலை மூன்று மணிக்குக் கத்தக்கூட முடியவில்லை, பக்கத்து வீட்டில் நோயாளி. இதையெல்லாம் பையன்களிடம் சொன்னால், "அண்ணே, பந்து போடுங்க" என்கிறார்கள். 2012-இல் இறங்கிய அணியை மறுபடி மேலே ஏற்றிய பயிற்சியாளர் மார்செலினோவே திரும்பி வந்து, 2024-25-இல் லீக்கில் ஐந்தாம் இடம், மறுபடி சாம்பியன்ஸ் லீக். அதையும் சொல்லிப் பார்த்தேன்.

ஒரு கோடை முழுக்க ஆடித் துவைத்த பிறகும் ஜெர்சியின் மஞ்சள் மங்கவில்லை. ஆழித்தேர் அப்படியே இருக்கிறது. ஷார்ட்ஸின் இலாஸ்டிக் மட்டும் இரண்டு பேருக்குத் தளர்ந்துவிட்டது, அதை அக்காவிடம் மாற்றக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருடம் ஷார்ட்ஸிலும் தன் நம்பர் வர வேண்டும் என்கிறார் டைல்ஸ்காரர். அதற்குத் தனியாக எவ்வளவு ஆகும் என்று அண்ணனிடம் கேட்க வேண்டும்.