ஆசிரியர் பயிற்சி: மையத்துக்குப் போவதா, வகுப்புக்கு வரவழைப்பதா?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் மாநகராட்சிப் பள்ளி ஆசிரியர் யாரிடம் கேட்டாலும், பயிற்சிக்குப் பஞ்சமில்லை என்பார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்களைச் சேர்த்து நடத்தும் குறுவள மையக் கூட்டம், அப்புறம் ‘தீக்‌ஷா’ என்ற அரசு இணையதளத்தில் போனிலேயே முடிக்கவேண்டிய வகுப்பு. தேசியக் கல்விக் கொள்கை 2020 ஆண்டுக்கு 50 மணி நேரம் என்கிறது. தமிழ்நாடு அதை ஏற்கவில்லை என்பது தனிக்கதை. எத்தனை மணி நேரம் என்பதைவிட எங்கே நடக்கிறது என்பதுதான் முக்கியம் என்பேன்.

தென்னாப்பிரிக்காவில் இதை நேருக்கு நேர் சோதித்தார்கள். ஒரே பாடத்திட்டக் குறிப்பு, ஒரே வாசிப்புப் புத்தகங்கள். ஒரு பகுதிப் பள்ளிகளின் ஆசிரியர்களை மையத்துக்கு அழைத்துப் பயிற்சி தந்தார்கள், இன்னொரு பகுதிக்குப் பயிற்றுநரே வகுப்பறைக்குப் போனார். பிள்ளைகளின் வாசிப்பில் கிடைத்த முன்னேற்றம் இரண்டாவதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. செலவும் கூடுதல்தான், ஆனால் பலனும் அதற்கேற்ப.

காரணம் புரியாததல்ல. இரண்டாம் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சத்தமாக வாசிக்கும்போது, கடைசி வரிசைப் பிள்ளையின் வாய் சரியாக அசையும், விரல் மட்டும் வேறு வரியில் இருக்கும். கரும்பலகைப் பக்கம் நிற்கும் டீச்சருக்கு அது தெரியாது. பின்னால் உட்கார்ந்து கவனிக்கும் பயிற்றுநருக்குத் தெரியும், அன்றைக்கே பேசி மறுநாளே முறையை மாற்றலாம். மையத்தில் காட்டும் பவர்பாயின்ட்டில் அந்த விரல் வராது.

சரி, ஆன்லைன்? ஒன்பதாம் வகுப்பு அறிவியல் ஆசிரியருக்குப் பாடப்பொருளைத் திரும்பத் திரும்பப் பார்க்க வசதி, மலிவு. ஆனால் வாசிப்புக் கற்பித்தலுக்குப் போதாது. அதே தென்னாப்பிரிக்காவில் டேப்லெட் வழியாக வழிகாட்டிப் பார்த்தபோது, மூன்று ஆண்டு கழித்தும் ஆங்கில வாசிப்பில் பலன் இல்லை; பயிற்றுநர் நேரில் போன பள்ளிகளில் இருந்தது.

வகுப்பறை வழிகாட்டலிலும் சிக்கல் உண்டு. 2018இல் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேத்யூ கிராஃப்ட் குழுவினர் 60 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைந்தது. நல்ல பயிற்றுநர் அத்தனை பேருக்கு எங்கே போவது? இன்னொன்று, வருபவர் கையில் மேலிடத்துக்கு அனுப்பவேண்டிய படிவம் இருந்தால் டீச்சர் அன்று நன்றாகப் போகும் பாடத்தைத்தான் எடுப்பார், தடுமாறும் பாடத்தை எடுக்கவே மாட்டார். அதனால் வழிகாட்டுபவரும் மேலிடத்துக்காக மதிப்பிடுபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

பணம் குறைவென்றால் ஒருநாள் கூட்டங்களைக் குறைத்துவிட்டு, ராயபுரம், கொருக்குப்பேட்டைப் பள்ளிகளில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்புக்கு மட்டுமாவது பயிற்றுநரை அனுப்புங்கள், ஒரே ஆள் வருடம் முழுக்க அதே பள்ளிகளுக்கு வரட்டும்.