முகம் வெளுக்கிற கிரீமும் கடைக்காரர் காட்டிய லேப் ரிப்போர்ட்டும்: திருகோணமலை ஆட்கள் கவனம்

தங்கச்சியின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நடந்தது. இன்னொரு வீட்டில் இது நடக்கக் கூடாது என்று எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்து வாசியுங்கள்.

டவுனில் ஒரு பேன்சி கடையில் முகம் வெளுக்கிற கிரீம் வாங்கினோம். சின்ன டப்பா, 1,850 ரூபா, பில் இல்லை. அவளுக்கு அது தேவையே இல்லை, மாப்பிள்ளை வீட்டு மாமி ஒருவர் சொன்ன ஒரு சொல் மனதில் தைத்துவிட்டது, அவ்வளவுதான். நானும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. இந்த மாதிரி கிரீமில் பாதரசம் கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்ததால் கடைக்காரத் தம்பியிடம் நேரடியாகவே கேட்டேன். "பயப்படாதீங்க அக்கா, லேப் ரிப்போர்ட்டே இருக்கு" என்று லாச்சிக்குள் இருந்து லேமினேட் பண்ணிய ஒரு தாளை எடுத்துக் காட்டினார். மேலே ஆய்வுகூடத்தின் பெயர், கீழே சீல், கையொப்பம், நடுவில் வரிக்கு வரி 'காணப்படவில்லை', 'காணப்படவில்லை' என்று இருந்தது. அதைப் பார்த்ததும் மனம் ஆறிவிட்டது. எதற்கும் இருக்கட்டும் என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன்.

ஒன்பதாம் நாளே முகம் வெளுத்தது, வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஐந்தாவது கிழமை கன்னத்தில் சிவந்த தடிப்பு வந்தது, காலையில் எழும்பினால் கண் இமை வீங்கியிருந்தது, பிறகு காலும் வீங்கியது. கல்யாண அலைச்சல், நித்திரை இல்லை என்று நினைத்தோம். அம்மாவின் கண்ணில் பட்டது வேறொன்று. கிரீம் பூசுகிற விரலில் இருந்த மோதிரத்தில், உள்பக்கமாக, சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படிந்திருந்தது. தேசிக்காய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பாதரசம் தங்கத்தோடு அப்படியே ஒட்டிக் கலந்துவிடுமாம். அப்போதுதான் பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்த ஆங்கில வரியை வாசித்தேன்: தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பாவிக்கவும். முகத்தில் பூசுகிற ஒரு கிரீம் நகையில் படக் கூடாது என்றால் அது ஏன் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். இந்த வரி இருந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். கலோமெல், மெர்குரிக் அயோடைட், அமோனியேட்டட் மெர்குரி என்று போட்டிருந்தாலும் அதே பாதரசம்தான். ஒன்றும் போடாமலும் விற்கிறார்கள், எங்கள் டப்பாவில் போடவில்லை.

டொக்டர் சிறுநீர் பரிசோதனைக்கு எழுதினார், புரதம் நிறையப் போயிருந்தது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டால் அப்படிப் போகுமாம். அடுத்து அவர் கேட்டதே "முகத்துக்கு என்ன பூசுறீங்க?" என்றுதான். கேரளாவில் கோட்டக்கல்லில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை டொக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். அதில் 15 பேருக்குச் சிறுநீரகத்தில் ஒரே புரதத்தின் அடையாளம் இருந்தது, அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கிற கிரீம் பாவித்தவர்கள். இதை வாசித்த அன்று இரவு எனக்கு நித்திரையே வரவில்லை, ஏனென்றால் என் எட்டு மாதப் பிள்ளையை முழு நேரமும் தூக்கி வைத்திருந்தது தங்கச்சிதான், முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சுவாள். பூசுகிறவரோடு இது நிற்பதில்லை, துவாயிலும் தலையணையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டில் உள்ளவர்களுக்கும் போகும்.

சரி, அந்த ரிப்போர்ட் பொய்யா? படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு வரியாக வாசித்தேன். பிஎச் அளவு, மொத்த பக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சணம். அவ்வளவுதான். பாதரசம் என்ற வரியே அதில் இல்லை. தேடாத ஒன்று எப்படிக் காணப்படும்? திகதி 2021, எங்கள் டப்பா செய்தது 2024. தொகுதி இலக்கமும் வேறு. கீழே சின்னதாக, 'கொண்டுவந்து தந்த மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்' என்று எழுதியும் இருக்கிறது. ஆய்வுகூடம் பொய் சொல்லவில்லை. கிருமி இருக்கிறதா என்று பார்த்த தாளைக் காட்டி நஞ்சு இல்லை என்று எங்களை நம்ப வைத்தது கடைதான். இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன்.

மிச்சக் கிரீமில் பாதியை இரவு ரயிலில் போன ஒருவரிடம் கொழும்பில் ஒரு ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துவிட்டேன். ஆய்வுகூடங்களுக்குக் கொடுக்கிற ஐஎஸ்ஓ 17025 என்ற தர அங்கீகாரம் இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது, அந்த அங்கீகாரம் எந்தெந்தச் சோதனைக்கு என்றும் கேளுங்கள், தண்ணீருக்கு அங்கீகாரம் வாங்கிய இடத்துக்கு கிரீமில் பாதரசம் பார்க்க இருக்க வேண்டும் என்றில்லை. படிவத்தில் 'பாதரசம், மொத்த அளவு' என்று பெயர் சொல்லி எழுதுங்கள். பாதுகாப்பானதா என்று பார்த்துத் தாருங்கள் என்று பொதுவாக எழுதினால் கடைக்காரர் காட்டியது மாதிரி இன்னொரு தாள் வரும். எக்ஸ்ஆர்எஃப் கருவியில் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி சில நிமிடத்தில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள், சரியான எண் வேண்டுமென்றால் அமிலத்தில் கரைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு நாளும் காசும் கூட. எங்களுக்கு வந்த எண் கிலோவுக்கு ஆறாயிரம் மில்லிகிராமுக்கு மேல். பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து செய்த மினமாட்டா உடன்படிக்கையில் அழகுசாதனப் பொருளுக்கு முதலில் போட்ட எல்லை கிலோவுக்கு 1 மில்லிகிராம், இலங்கையும் அதில் சேர்ந்த நாடு. அந்த ஒன்றும் கூடாது, 2025க்குள் முழுதாக நிறுத்த வேண்டும் என்று 2023இல் முடிவெடுத்துவிட்டார்கள்.

கடைக்குப் போனேன். "பார்சல்ல வாறத விக்கிறம் அக்கா, டப்பாவத் தாங்க, காசத் திருப்பித் தாறன்" என்றார். கொடுக்கவில்லை. யார் கேட்டாலும் டப்பாவைக் கொடுக்காதீர்கள், அது போனால் கையில் ஒன்றுமே இல்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு எடுத்து முறைப்பாடு பதிந்தேன், பில் இருக்கிறதா என்று கேட்டபோது பேச்சு வரவில்லை. 1,850 ரூபாக்கு ஒரு துண்டுத் தாள் கேட்டு வாங்காமல் விட்டேனே.

தங்கச்சிக்கு வீக்கம் வற்றிவிட்டது, புரதம் மெல்ல மெல்லக் குறைகிறது, மாதம் ஒருமுறை கிளினிக். கல்யாணத்தை ஆவணிக்குத் தள்ளியிருக்கிறோம். டப்பா இரண்டு பைக்குள் கட்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. நேற்று அந்தக் கடைப் பக்கம் போனேன், அதே கிரீம் கண்ணாடி அலுமாரிக்குள் முன்வரிசையில் அடுக்கியிருக்கிறது. உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் எனக்கு எழுதுங்கள், டப்பாவின் படத்தையும் தொகுதி இலக்கத்தையும் அனுப்புகிறேன்.