பால் பல் சூத்தை: அடைப்பதா, மூடுவதா, பூசுவதா?

வன்னியில் ஒரு பிள்ளையின் சூத்தைப் பல்லுக்கு முதல் ஆலோசனை பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது. "விழுகிற பல்தானே, விடு" என்று அம்மம்மா சொல்லிவிடுவார். முன்பற்களைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆறேழு வயதில் அவை விழத் தொடங்கிவிடும். கடைவாய்ப் பால் பற்கள் அப்படியல்ல. அவை பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருக்க வேண்டியவை. நான்கு வயதில் கடைவாய்ப் பல் சூத்தையான பிள்ளை, அந்தப் பல்லோடுதான் இன்னும் ஆறேழு ஆண்டுகள் சாப்பிட வேண்டும், உறங்க வேண்டும், புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். இடையில் பிடுங்கிவிட்டால், பின்னால் முளைக்கும் நிரந்தரப் பல் முன்னோக்கி நகர்ந்து, முரசுக்குள் காத்திருக்கும் பல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பல் நெரிசல்.

ஆனாலும் "விடு" என்பதையும் ஒரு தெரிவாகவே எடுத்து, மற்றவற்றோடு வரிசையில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் அதற்கு நெருக்கமான ஒன்றைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஃபிக்ஷன் என்று பெயரிட்ட அந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. கடைவாய்ப் பால் பல்லில் சூத்தையுள்ள, மூன்று முதல் ஏழு வயது வரையான 1144 பிள்ளைகளை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஊசி போட்டு, குடைந்து, அடைத்தார்கள். இரண்டாவது குழுவுக்குச் சூத்தையைக் குடையாமல் உள்ளேயே அடைத்து மூடினார்கள். மூன்றாவது குழுவுக்குத் தடுப்பு மட்டும். முதல் இரண்டு குழுக்களுக்கும் தடுப்பு நடவடிக்கைகள் சேர்ந்தே கிடைத்தன. மூன்று ஆண்டுகள் வரை பின்தொடர்ந்ததில், பல்வலியோ தொற்றோ கண்ட பிள்ளைகள் முறையே 42, 40, 45 சதவீதம். இந்த வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடிய அளவுதான் என்று ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள்.

இதை மேலோட்டமாகப் படித்தால் அம்மம்மா வென்றுவிட்டார் என்று தோன்றும். அது தவறு. அந்த மூன்றாவது குழுவை யாரும் கைவிடவில்லை. அவர்களுக்கு ஒழுங்கான பரிசோதனை இருந்தது, வார்னிஷ் எனப்படும் புளோரைட் பூச்சு இருந்தது, பல் துலக்கவும் இனிப்பைக் குறைக்கவும் தொடர்ந்து வழிகாட்டல் இருந்தது. நம் ஊரில் "விடு" என்றால் இவற்றில் ஒன்றுமே இல்லை. எனக்கு இந்த எண்களில் உறைப்பது வேறொன்று: எந்த முறையைக் கையாண்டாலும் பத்தில் நான்கு பிள்ளைகளுக்கு வலி வந்திருக்கிறது. சூத்தை விழுந்த பிறகு எதைச் செய்தாலும் அது தாமதமாகச் செய்வதுதான்.

சரி, விழுந்துவிட்டது. இனி எது? பலன் கிட்டத்தட்ட ஒன்றென்றால், பிள்ளை எவ்வளவைத் தாங்க வேண்டியிருக்கிறது, எத்தனை முறை வர வேண்டியிருக்கிறது என்ற இரண்டையும் வைத்தே தீர்மானிக்க வேண்டும் என்பது என் கருத்து. துணுக்காய்க்கு உள்ளே, ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, நெடுங்கேணிப் பக்கத்தில் இருக்கும் ஒரு தாய்க்கு, பற்சிகிச்சைக்குப் பிள்ளையைக் கூட்டிப்போவது ஒரு நாள் கூலியை விடுவதாகும். முதல் தடவை வந்துவிடுவார். "அடுத்த கிழமையும் வாருங்கள்" என்றால் அந்த அடுத்த கிழமை பல வேளைகளில் வருவதே இல்லை. அது அவருடைய அக்கறையின்மை அல்ல, பஸ்ஸும் கூலியும் செய்யும் வேலை.

இந்த அளவுகோலில், குடைந்து அடைக்கும் பழைய முறை பின்தங்குகிறது. விறைப்பு ஊசி, குடையும் கருவியின் இரைச்சல், அரைமணி நேரம் வாயைத் திறந்தபடி இருத்தல் எல்லாம் நான்கு வயதுப் பிள்ளைக்குப் பெரிய சோதனை. ஒரு தடவை பயந்த பிள்ளை அடுத்த முறை வாயே திறக்காது.

இதற்கு நேர்ப் போட்டி ஹால் முறை. ஸ்கொட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர் கையாண்டு வந்ததால் அந்தப் பெயர். ஊசியும் இல்லை, குடைவதும் இல்லை. பல்லின் அளவுக்கேற்ற துருப்பிடிக்காத எஃகு மூடியைத் தெரிந்தெடுத்து, உள்ளே சீமெந்துப் பசை நிரப்பி, சூத்தைப் பல்லின் மேல் வைத்து அழுத்துகிறார்கள். பிறகு பிள்ளையே பஞ்சுருளையைக் கடித்து மூடியை உள்ளே இறக்குகிறது. உள்ளே அடைபட்ட கிருமிகளுக்குச் சீனி கிடைக்காது, சூத்தை ஓய்ந்துவிடும். கடி சிறிது உயர்ந்தது போலிருக்கும், சில கிழமைகளில் சரியாகிவிடும்.

ஸ்கொட்லாந்தின் டேசைட் பகுதியில் 132 பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பல்லுக்கு ஹால் மூடி, இன்னொன்றுக்கு வழக்கமான அடைப்பு. ஐந்தாண்டுப் பின்தொடர்வில் சீழ், நரம்புப் பாதிப்பு போன்ற பெரிய தோல்வி மூடியிட்ட பற்களில் 3 சதவீதம், அடைத்த பற்களில் 16.5 சதவீதம். அடைப்புக் கழன்றுபோவது போன்ற சிறிய தோல்விகளில் இடைவெளி இன்னும் பெரிது: 5க்கு 42. ஒரே வாய்க்குள் இரண்டையும் அனுபவித்த பிள்ளைகளில் பெரும்பாலோர் மூடியையே விரும்பினார்கள். அடைப்புக் கழன்றால் மறுபடியும் பஸ் ஏற வேண்டும் என்பதால் எனக்கு அந்த 42 தான் பெரிதாகத் தெரிகிறது.

ஒரு சிக்கல் உண்டு. பற்கள் நெருக்கமாக இருந்தால், மூடி இறங்க இடம் விடுவதற்காக மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு முன்பே சிறிய ரப்பர் வளையங்களைப் பற்களுக்கிடையே வைக்க வேண்டும். அதாவது இரண்டு வருகை. வளையம் வைத்துவிட்டுத் திரும்பி வராத பிள்ளைக்குப் பயனில்லை. முதல் நாளே தாயிடம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது போட்டியாளர் சில்வர் டையமைன் புளோரைட் என்ற, வெள்ளியும் புளோரைட்டும் சேர்ந்த திரவ மருந்து. 1960களின் பிற்பகுதியில் ஜப்பானில் உருவானது. 2021இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இதைப் பூசுவதற்கு மின்சாரமும் வேண்டாம், பல் மருத்துவ நாற்காலியும் வேண்டாம். முன்பள்ளியின் பிளாஸ்டிக் கதிரை போதும். உதட்டில் வாஸலின் தடவுகிறார்கள். பல்லைப் பஞ்சால் ஒற்றிக் காயவைக்கிறார்கள். சிறு கிண்ணத்தில் ஒரு துளி விட்டு, ஊசிமுனை போன்ற தூரிகையால் குழிக்குள் ஒரு நிமிடம் வரை தேய்க்கிறார்கள். நாக்கில் இரும்புச் சுவை தட்டும், பிள்ளை முகத்தைச் சுளிக்கும், முடிந்துவிட்டது.

மறுநாள் குழி கறுத்துப்போகிறது, நிரந்தரமாக. இதைச் சொல்லாமல் பூசுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். முன்பல்லில் கறுப்பைக் கண்டு கலங்கும் தாயின் கோபம் முழுக்க நியாயமானது. முன்கூட்டியே படத்தைக் காட்டி, கறுத்து இறுகினால் சூத்தை நின்றுவிட்டது என்று விளக்கி, சம்மதம் கேட்டுத்தான் பூச வேண்டும்.

ஒரு தடவை பூசினால் போதாது என்பதையும் ஆய்வுகள் சொல்கின்றன. ஹொங்கொங் முன்பள்ளிகளில் 888 பிள்ளைகளிடம் முப்பது மாதங்கள் நடந்த ஆய்வில், 38 சதவீதக் கரைசலை ஆண்டுக்கொருமுறை பூசியபோது 66.9 சதவீதச் சூத்தைகளும், ஆறு மாதத்துக்கொருமுறை பூசியபோது 75.7 சதவீதமும் நின்றன. இங்கே இது ஹால் மூடியை விடப் பொருந்துவதற்குக் காரணம், பிள்ளை எங்கும் போக வேண்டியதில்லை, மருந்து பிள்ளையிடம் வருகிறது என்பதே. நியூயோர்க் பாடசாலைகளில் நடந்த கேரீட்அவே ஆய்வில் தாதியர் பூசியபோதும் பற்சிகிச்சைத் துறையினர் பூசியபோதும் பலன் ஒத்திருந்தது. பாடசாலைப் பற்சிகிச்சையாளர்கள் பல பதிற்றாண்டுகளாகப் பணியாற்றும் நம் நாட்டில் இந்த முடிவைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆனால் இரவில் எழுப்பும் வலியோ முரசில் கொப்புளமோ இருந்தால் பூச்சும் உதவாது, மூடியும் உதவாது; அந்தப் பிள்ளை வைத்தியசாலைக்குப் போயே ஆக வேண்டும்.

கைக்கருவியால் சுரண்டிக் கண்ணாடி அயனோமர் என்ற பற்சீமெந்தால் அடைக்கும் முறையும் உண்டு. 1980களில் தன்சானியாவில் வளர்ந்தது, மின்சாரம் கேட்காது. மேற்புறத்துச் சிறு குழிக்கு நல்லது. இரண்டு பற்களுக்கு இடைப்பட்ட குழியில் அடைப்பு நிலைப்பது குறைவு.

"எங்கள் தண்ணீரிலேயே புளோரைட் கூட, இதற்கு மேலும் பூசுவதா?" என்று வவுனியாப் பக்கத்தில் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் உச்ச வரம்பு லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், உலர் வலயத்தின் ஆழமான குழாய்க் கிணறுகள் பல அதைத் தாண்டுகின்றன. பல்லில் மஞ்சளும் பழுப்புமாகப் படியும் கறை, பல் உருவாகும் வயதில் நாள்தோறும் விழுங்குவதால் வருவது. ஆண்டுக்கு இரண்டு முறை பல்லின் மேல் ஒட்டும் வார்னிஷ் துளியால் அப்படி நேர்வதில்லை. கவனம் தேவைப்படுவது பற்பசையில்: மூன்று வயதுக்குள் ஓர் அரிசியளவு, ஆறு வயது வரை ஒரு பட்டாணியளவு, துப்பப் பழக்க வேண்டும். கறை படிந்த பல்லுக்குச் சூத்தை வராது என்ற நம்பிக்கைக்கும் ஆதாரமில்லை.

ஆகவே என் தெரிவு இப்படி. முன்பள்ளி வயதில் எல்லோருக்கும் வார்னிஷ். குழி விழுந்த இடத்தில், தாய் சம்மதித்தால், வெள்ளிப் பூச்சு. இரண்டு முறை வர முடிந்த பிள்ளையின் கடைவாய்ப் பல்லுக்கு ஹால் மூடி. குடைந்து அடைப்பது கடைசி.

ஆறு வயதில் மட்டும் கணக்கு மாறுகிறது. எந்தப் பல்லும் விழாமல், பால் பற்களுக்குப் பின்னால் ஒரு நிரந்தரக் கடைவாய்ப் பல் சத்தமில்லாமல் முளைக்கிறது. நடுவிலிருந்து எண்ணினால் ஆறாவது. பெற்றோர் பலர் அதையும் பால் பல் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். அதன் பள்ளங்களைப் பசையால் அடைத்து மூடுவதா, வார்னிஷ் பூசுவதா என்று தென் வேல்ஸில் 1015 பிள்ளைகளிடம், நடமாடும் பற்சிகிச்சை வாகனங்களில் வைத்தே ஆராய்ந்தார்கள். மூன்றாண்டு முடிவில் சூத்தை விழுந்தோர் அடைத்தவர்களில் 19.6 சதவீதம், பூசியவர்களில் 17.5 சதவீதம். வேறுபாடு பொருட்படுத்தும் அளவில்லை. பள்ளத்தை அடைக்கும்போது பல் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும், எச்சில் பட்டால் பசை ஒட்டாது; வார்னிஷுக்கு அந்தக் கெடுபிடி இல்லை, ஆறு மாதத்துக்கொருமுறை வகுப்பறைக்கே கொண்டுபோய்ப் பூசலாம். மல்லாவியிலோ முழங்காவிலிலோ இருக்கும் ஒரு பாடசாலைக்கு நான் வார்னிஷையே கேட்பேன்.