பழைய ஹாப்ஸ்: பரணில் காத்திருப்பதா, ஓவனில் வாட்டுவதா?

பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவிடம் புளிப்பு பீர் காய்ச்சுகிறவர் கேட்பது, மற்ற பீர்களைக் காய்ச்சுகிறவர் கேட்பதற்கு நேர் எதிரானது. ஐபிஏ போன்ற பீருக்குப் பச்சை மணமும் கூரிய கசப்பும் வேண்டும் என்பதால், ஹாப்ஸைக் காற்றுப் புகாத உறையில் அடைத்து உறைபெட்டியில் வைக்கிறார்கள். புரூசெல்ஸ் நகரிலும் அதன் மேற்கே பாயோட்டன்லாண்டிலும், காற்றில் வரும் நுண்ணுயிர்களால் புளிக்கும் லாம்பிக் பீரைக் காய்ச்சுகிறவர்களோ, அதே பூவைச் சாக்கில் கட்டி, ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வேண்டுமென்றே பழசாக விடுகிறார்கள். மணமும் கசப்பும் போக வேண்டும், பாக்டீரியாவை அடக்கும் குணம் மட்டும் ஓரளவு தங்க வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

வீட்டில் காய்ச்சுகிறவருக்கு இதற்கு நான்கு வழிகள் இருக்கின்றன: பூவை வாங்கி வைத்துத் தானே பழசாக்கலாம், ஓவனில் வாட்டலாம், பழையதாகவே விற்கப்படுவதை வாங்கலாம், அல்லது பழைய ஹாப்ஸை விட்டுவிட்டுப் புதிய ஹாப்ஸைச் சிறிதளவு போடலாம். எது மேல் என்ற வாதம் பெரும்பாலும் ஓவனின் நாற்றத்தைப் பற்றியதாகவே முடிந்துபோகிறது. அதைவிட முக்கியமானது, பீரைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்கள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி. அதற்கு விடை தெரிந்துவிட்டால் நான்கில் இரண்டு வழிகள் தாமாகவே விலகிவிடும்.

முதலில் பூவுக்குள் நடப்பதைப் பார்த்துவிடலாம். ஹாப் பூவின் இதழ்களுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் பொடியில் ஆல்பா அமிலங்களும் பீட்டா அமிலங்களும் இருக்கின்றன. ஆல்பா அமிலம் கொதிக்கும் வோர்ட்டில் (பீராகப் போகும் மால்ட் சாற்றில்) உருமாறிக் கசப்பைத் தருகிறது; காற்று பட்டால் நாளடைவில் சிதைந்து குறைகிறது. பீட்டா அமிலம் கொதியில் பெரிதாகக் கரைவதில்லை, ஆனால் ஆக்சிஜன் ஏறினால் ஹுலுபோன் என்ற கரையக்கூடிய, கசப்பான பொருளாக மாறுகிறது. ஆகவே பழைய ஹாப்ஸ் கசக்கவே கசக்காது என்ற நம்பிக்கை சரியன்று. கசப்பு குறைகிறது, தன்மை மாறுகிறது, முற்றிலும் மறைவதில்லை. ஆல்பா அமிலத்தின் பக்கச் சங்கிலி உடையும்போது பிறக்கும் ஐசோவலேரிக் அமிலந்தான் முற்றிய சீஸையும் வியர்த்த சாக்ஸையும் நினைவூட்டும் நாற்றத்துக்குக் காரணம். பழசாகும் ஹாப்ஸ் அந்தக் கட்டத்தைக் கடந்தே தீரும். பையைப் போதிய காலம் விட்டுவைத்தால் நாற்றம் அடங்கி, வைக்கோலும் காய்ந்த புகையிலையும் கலந்தது போன்ற மணத்தில் வந்து நிற்கும்.

இயல்பாகப் பழசாக்கும் முறையின் பலம் இதுதான்: நாற்றம் பிறப்பதற்கும் அது வெளியேறுவதற்கும் காலம் கிடைக்கிறது. செய்ய வேண்டியதும் அதிகமில்லை. பூவை உறையிலிருந்து எடுத்துக் காகிதப் பையிலோ துணிப் பையிலோ தளர்வாக நிரப்பி, ஈரம் அண்டாத பரணில் வைத்தால் போதும். வெப்பநிலை ஏறக்குறைய 15 டிகிரி செல்சியஸ் கூடினால் சிதைவின் வேகம் இரட்டிப்பாகும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. எனவே 20 டிகிரி அறையைவிட 35 டிகிரி தொடும் கோடைக்காலப் பரண் இந்த வேலைக்கு ஏற்றது. அஞ்ச வேண்டியது ஈரத்துக்குத்தான். நன்கு காய்ந்த ஹாப்ஸில் ஈரப்பதம் 10 சதவீதத்துக்குள் இருக்கும்; அது ஏறினால் பூசணம் பிடிக்கும், பூசணம் பிடித்த பையைக் காப்பாற்ற வழியில்லை. இம்முறையின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்ததே: இன்று ஆசைப்பட்டு இரண்டு ஆண்டுகள் கழித்துக் காய்ச்ச வேண்டும், அதன்பின் பீர் முதிர மேலும் ஓராண்டோ இரண்டாண்டோ ஆகும்.

எந்த ஹாப்ஸை வாங்குவது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று 15 சதவீத ஆல்பா கொண்ட கொலம்பஸ் போன்ற வகையை எடுத்துவைத்தால், எத்தனை ஆண்டு கழித்தும் மிச்சம் இருப்பது அதிகமாகவே இருக்கும். 3 முதல் 5 சதவீதத்துக்குள் அடங்கும் சாஸ், ஹாலர்டௌ மிட்டல்ஃப்ரூ, டெட்னாங், அல்லது அதற்குச் சற்று மேலே போகும் வில்லமெட் ஆகியவை ஏற்றவை. கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் விளங்கும். லாம்பிக் பாணியில் லிட்டருக்கு 5 கிராம் என்று வைத்தால், 20 லிட்டருக்கு 100 கிராம் போட வேண்டும். அதில் 1 சதவீத ஆல்பா மிஞ்சியிருந்தால், லிட்டருக்கு 50 மில்லிகிராம். நீண்ட கொதியில் அதில் 30 சதவீதம் உருமாறிக் கரைவதாகக் கொண்டால், கசப்பு 15 ஐபியு (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் என்று கசப்பை அளக்கும் அலகு) அளவில் நிற்கும். இதே 100 கிராம், 3.5 சதவீதப் புதிய சாஸாக இருந்தால் 50 ஐபியுவைத் தாண்டிவிடும். ஆக்சிஜன் ஏறிய பொருள்களின் கசப்பு இக்கணக்கில் சேரவில்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பூவா, பூவைப் பொடித்து உருட்டிய பெல்லட்டா என்றால், என் வாக்கு பூவுக்கே. பெல்லட்டை அழுத்திச் செய்திருப்பதால் காற்று உள்ளே எளிதில் நுழையாது. அதைத் தட்டில் உடைத்துப் பரப்பினால்தான் ஒழுங்காகப் பழசாகும். தவிர, 100 கிராம் பெல்லட் கொதிகலத்தின் அடியில் சேறாகப் படிந்து வோர்ட்டை உறிஞ்சிக்கொள்ளும். பூவோ வடிகட்டும் படுகையாகவே பயன்படும்.

இனி ஓவன். பூவை அகலத் தட்டில் மெல்லிய அடுக்காகப் பரப்பி, 70 முதல் 90 டிகிரி வரையுள்ள தாழ்ந்த சூட்டில் சில மணி நேரம் வைத்து, இடையிடையே கிளறிவிடுவது அமெரிக்காவில் வீட்டில் காய்ச்சுகிறவர்களிடையே பழகிப்போன வழி. ஆல்பா அமிலம் இதில் குறையும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஓவன் பூவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பயணத்தின் முடிவில் அன்று, அதன் நாற்றமான நடுவழியில். ஐசோவலேரிக் அமிலம் ஒரே மூச்சில் வீடு முழுவதும் பரவி, திரைச்சீலைகளில் ஒட்டிக்கொள்ளும். மறுநாள் அதே ஓவனில் கேக் சுட நினைக்கிறவர்கள் வீட்டாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. சூட்டை ஏற்றி நேரத்தை மிச்சப்படுத்தப் பார்த்தால் இதழ் கருகி, பீருக்குத் தீய்ந்த சுவை வரும். வாட்டிய பூவைக் கார் கொட்டகை போன்ற காற்றோட்டமான இடத்தில் காகிதப் பையில் சில வாரங்கள் ஆறவிட்டால் நாற்றம் ஓரளவு தணியும். அந்த இடத்துக்கு நாய் போய்வருமானால் பையை எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும்: ஹாப்ஸ் நாய்க்கு நஞ்சு, உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறி உயிரே போகலாம்.

ஓவனை ஆதரிப்பவர்கள் இரண்டு வாதங்களை முன்வைக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் கொதிக்கும் லாம்பிக் வோர்ட்டில் நாற்றத்தின் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும் என்பது ஒன்று. மிஞ்சியதை பிரெட்டனோமைசஸ் ஈஸ்ட் பழமணம் தரும் எஸ்டராக மாற்றிவிடும் என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் முதல் வாதம் அவ்வளவு நேரம் அடுப்பைக் கட்டியழத் தயாராக இருப்பவருக்கே பொருந்தும். ஒரு மணி நேரக் கொதியோடு நிறுத்துகிறவர் அன்றே வாட்டிய ஹாப்ஸைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பழையதாகவே விற்கப்படும் ஹாப்ஸைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. லாம்பிக் ஹாப்ஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கடைகளில் கிடைக்கிறது, பெரும்பாலும் வில்லமெட் போன்ற வகை. காத்திருப்பு மிச்சம். அறுவடை ஆண்டு, வகை, மீதமுள்ள ஆல்பா ஆகிய மூன்றும் உறையில் அச்சிடப்பட்டிருந்தால் தயங்காமல் வாங்கலாம். ஒன்றுமே இல்லாவிட்டால், கடைக்காரர் விற்காமல் தேங்கிய சரக்கைத் தள்ளிவிடுகிறாரா என்று சந்தேகிப்பதில் தவறில்லை.

நான்காவது வழியை லாம்பிக் பற்றாளர்கள் குறுக்குவழி என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பழைய ஹாப்ஸ் தேவைப்படுவது, வோர்ட்டை இரவு முழுவதும் கூல்ஷிப் என்ற அகலத் தொட்டியில் திறந்துவைத்து, காற்றில் வருவதையெல்லாம் விருந்துக்கு அழைக்கும் முறையில்தான். அங்கே புளிப்பேற்றும் பாக்டீரியாவான லாக்டோபேசில்லஸில் எந்த இரகம் வரும், எவ்வளவு வேகத்தில் புளிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. ஹாப்ஸ் அதை அடக்கி வைத்தால்தான், பீடியோகாக்கஸ் என்ற மற்றொரு பாக்டீரியா பல மாதங்களில் நிதானமாகப் புளிப்பேற்ற முடியும். குடல்வகைப் பாக்டீரியாக்கள் ஹாப்ஸுக்கு அடங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அவற்றை ஒடுக்குவது பின்னர் உயரும் அமிலமும் ஆல்கஹாலும். வாங்கிய கலப்பு நுண்ணுயிர்களை அளந்து ஊற்றுகிறவருக்கு இந்தக் காவல் அவ்வளவு வேண்டியதில்லை. 20 லிட்டருக்கு 3.5 சதவீத சாஸ் 15 கிராம் போட்டுக் கொதிக்கவிட்டால் 8 ஐபியு கிடைக்கும். லாக்டோபேசில்லஸின் பல இரகங்களுக்கு அதுவே தடை. புளிப்பு கூடுதலாக வேண்டுமானால் அதையும் குறைக்கலாம். இவர்கள் ஓவனைப் பற்ற வைக்கவே தேவையில்லை.

திறந்த தொட்டியில் காய்ச்ச விரும்புகிறவர்கள் பரணில் ஒரு பையை இன்றே வைத்துவிட்டு, அது பக்குவமாகும் வரை வாங்கிய பழைய ஹாப்ஸால் சமாளிக்கலாம். பக்குவத்தை அறிய ஆய்வகம் வேண்டாம். பூவைப் பிளந்து விரலிடையே தேய்த்தால், புதியதில் மஞ்சள் பொடி பிசுபிசுவென ஒட்டும்; பழையதில் பழுப்பேறி, ஒட்டாமல் உதிரும். 2 கிராமை 400 மில்லிலிட்டர் நீரில் ஒரு மணி நேரம், வற்ற வற்ற நீர் சேர்த்துக் கொதிக்க வைத்து, ஆறியதும் ஒரு வாய் குடித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும்: லிட்டருக்கு 5 கிராம் என்ற அதே விகிதந்தான் அது. நாக்கின் அடியில் கசப்பு நெடுநேரம் நின்றால், வோர்ட்டுக்குப் போடும் அளவை லிட்டருக்கு 3 கிராமாகக் குறைக்க வேண்டும், அல்லது பையை இன்னொரு கோடைக்குப் பரணுக்கே அனுப்ப வேண்டும். ஓராண்டு கிடந்து பாதி பழுத்த அத்தகைய பூவுக்கு மட்டும் ஓவன் கைகொடுக்கும்: 70 டிகிரியில் ஓரிரு மணி நேரம் வைத்து, ஒரு மாதம் ஆறவிட்டு, மறுபடி சுவைத்துப் பார்க்கலாம்.