அறுபதாயிரம் ரூபாய் கேமிங் கணினியும் சென்னைக் கோடையும்

கேமிங் கணினி கட்ட நினைக்கும் எவரும் முதலில் கேட்பது "எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம்?" என்றுதான். 2023 தொடக்கத்தில் நான் வாங்கிய கணினி சில கோடைகளைத் தாண்டி இன்றும் நாள்தோறும் ஓடுகிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: சென்னையில் இருப்பவர் முதலில் யோசிக்க வேண்டியது மின்சாரத்தையும் சூட்டையும். கையிருப்புக் குறைவாக இருக்கும்போது எதில் பணத்தை மிச்சம் பிடிக்கலாம், எதில் பிடிக்கவே கூடாது என்பதை இந்த இரண்டும்தான் முடிவு செய்கின்றன.

வாங்கியவை இவை. பிராசஸர் ஏஎம்டி ரைசன் 5 5600. பி450 மதர்போர்டு. எட்டு ஜிபி ராம் இரண்டு, டிடிஆர்4, 3200 வேகம். ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு, 8 ஜிபி. 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் வேகமான சேமிப்பகம்), 550 வாட் எஸ்எம்பிஎஸ் (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி), முன்பக்கம் முழுக்க வலை உள்ள கேபினட். ஜிஎஸ்டி உட்பட ஏறக்குறைய அறுபதாயிரம் ரூபாய் ஆயிற்று. 24 அங்குல, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் தனிச் செலவு.

எல்லாவற்றையும் சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில்தான் வாங்கினேன். இணையத்தில் சில பொருட்கள் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தன. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்க எனக்கு மனமில்லை. ஒரு கடையில் விலைப்பட்டியல் கேட்டபோது, கடைக்காரர் 550 வாட்டை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினார். "தம்பி, இது 600 வாட். நீங்கள் கேட்பது 550தான். இது பாதி விலைகூட இல்லை. மிச்சப் பணத்தில் பெரிய கார்டாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். "அண்ணே, பெட்டியைக் கொஞ்சம் காட்டுங்கள்" என்று வாங்கிப் பக்கவாட்டு லேபிளைப் பார்த்தேன். மேலே பெரிய எழுத்தில் 600. கீழே உள்ள சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 18 ஆம்பியர். பன்னிரண்டைப் பதினெட்டால் பெருக்கினால் 216 வாட். கேமிங் கணினியில் பிராசஸரும் கார்டும் ஏறக்குறைய முழுக்க அந்த 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. ஆர்எக்ஸ் 6600க்கு மட்டுமே 132 வாட் வேண்டும். பிராசஸர், ஃபேன்கள் எல்லாம் சேர்ந்தால் அந்தப் பெட்டி எல்லையிலேயே தவிக்கும். நான் வாங்கியதில் அதே கட்டத்தில் 45 ஆம்பியர் இருந்தது, அதாவது 540 வாட். பெட்டியின் மீதுள்ள எண்ணை விடுங்கள், அந்தக் கட்டத்தைப் படியுங்கள். '80 பிளஸ்' ஸ்டிக்கர் இருந்தால் நல்லதுதான், ஆனால் அது சொல்வது மின்சாரத்தை எவ்வளவு வீணாக்காமல் மாற்றுகிறது என்பதை மட்டுமே. ஷார்ட் ஆனால், வோல்டேஜ் எகிறினால் தன்னை அணைத்துக்கொள்ளும் பாதுகாப்புகள் இருக்கின்றனவா என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. எங்கள் மடிப்பாக்கம் பகுதியில் கோடை இரவுகளில் ஏசி எல்லா வீட்டிலும் ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது விளக்கு ஒரு கணம் பளீரென்று எரிந்து அடங்கும். அந்தக் கணத்தில் உங்கள் கார்டுக்கும் தெருக் கம்பத்துக்கும் நடுவே நிற்பது எஸ்எம்பிஎஸ் ஒன்றுதான்.

எர்த்திங்கையும் பாருங்கள். பழைய வாடகை வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், உள்ளே எர்த் கம்பி இருக்காது. அப்படிப்பட்ட வீட்டில் வெறுங்காலுடன் நின்று கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரல் நுனியில் சுருசுருவென்று இருக்கும். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெப்பாசிட்டர்கள் கசிய விடும் சிறு மின்னோட்டம், போக வழியில்லாமல் கேபினட்டிலேயே நிற்கிறது. பலரும் இதைப் பழகிக்கொள்கிறார்கள். பழகவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த ஒரு பாயிண்ட்டுக்காவது எர்த் இழுத்துவிட்டுத்தான் கணினியை மாட்ட வேண்டும். நான் குடிவந்தவுடன் செய்த முதல் வேலை இதுதான்.

யுபிஎஸ் வாங்கும்போது 600 விஏ என்பதை 600 வாட் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். என் கணினி விளையாடும்போது மானிட்டரோடு சேர்த்து 250 வாட் அளவில் இழுக்கிறது, ஆகவே அது போதும். சேமித்துவிட்டு அணைக்கச் சில நிமிடங்கள் கிடைக்கும், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. மின்கட்டணமும் பயப்படும்படி இல்லை: தினம் மூன்று மணி நேரம் ஆடினால் இரண்டு மாதத்துக்கு 45 யூனிட்.

சூட்டுக்கு வருவோம். கணினிக்குள் எந்த ஃபேன் போட்டாலும் அது அறையின் காற்றைத்தான் உள்ளே தள்ளும். அறை பத்து டிகிரி ஏறினால் கார்டும் ஏறக்குறைய பத்து டிகிரி ஏறும். மார்கழியில் 66 டிகிரியில் அமைதியாக ஓடிய என் கார்டு, கத்திரி வெயிலில் ஏசி இல்லாத அறையில் 76, 77 வரை போனது. கார்டு அதைத் தாங்கும். பிராசஸருடன் வந்த சிறிய கூலர்தான் மே மாதத்தில் அலறியது. இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி விதித்திருக்கும் உச்சம் 90 டிகிரி, நான் 86ஐப் பார்த்தேன். இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு டவர் கூலர் மாட்டியதும் பன்னிரண்டு டிகிரிக்கு மேல் இறங்கியது, சத்தமும் போயிற்று. குளிர் நாடுகளில் எடுத்த விமர்சனக் காணொளிகளில் "கூடவே வரும் கூலரே போதும்" என்பார்கள். அவர்கள் அறை 21 டிகிரி!

முன்பக்கம் கண்ணாடி போட்ட கேபினட்டைத் தயவுசெய்து தொடாதீர்கள். வண்ண விளக்குகளோடு பார்க்க அழகாக இருக்கும், காற்று போக வழியிருக்காது. வலை போட்டது தூசியை இழுக்கும், உண்மைதான். அதற்குத்தான் வடிகட்டியை மாதம் ஒருமுறை கழற்றிக் குழாயடியில் கழுவிக் காயவைத்து மாட்டுகிறேன். ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழலவிடக் கூடாது. திருவான்மியூரில் கடற்கரைக்கு அருகில் இருக்கும் என் அக்கா வீட்டுக் கணினியில் ஸ்க்ரூக்களும் பின்பக்கத் தகடும் துருவேறியிருக்கின்றன. உப்புக்காற்று படும் வீடுகளில் ஜன்னலை ஒட்டிக் கணினியை வைக்கவே வேண்டாம்.

மென்பொருளில் காசில்லாமல் செய்யக்கூடிய ஒன்றும் உண்டு. நொடிக்குக் காட்டும் ஃபிரேம் (படம்) எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, கார்டின் வோல்டேஜைச் சற்றுக் குறைத்தேன். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் இல்லை, சூடு ஐந்தாறு டிகிரி குறைந்தது.

பி450 போர்டில் பணம் மிச்சமானது. அதில் ஒரு சிக்கல் உண்டு: அந்த போர்டு 2018இல் வந்தது, பிராசஸர் 2022இல் வந்தது. போர்டில் பழைய பயாஸ் (கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) இருந்தால் கணினி எழும்பவே எழும்பாது. கடைப் பையன் ஒரு பழைய ரைசனை மாட்டி, பென்டிரைவில் பயாஸைப் புதுப்பித்து, பிறகு என் பிராசஸரை வைத்துத் திரையில் பெயர் வந்ததைக் காட்டினான். அது வரை பில் போடச் சொல்லவில்லை. இந்த போர்டில் பிசிஐஇ, அதாவது கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் பாதை, பழைய மூன்றாம் தலைமுறைதான். ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையில் எட்டு லேன்களை (தடங்களை) பயன்படுத்துவதால் இழப்பு சிறியது. நான்கே லேன்களும் 4 ஜிபியும் உள்ள ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியை இதே போர்டில் போட்டால் நன்றாகவே அடி விழும். மலிவாக இருக்கிறதே என்று அதைப் பலர் வாங்கினார்கள்.

ராமை எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். ஒரே 16 ஜிபி குச்சி போட்டால் நினைவகத்தின் பாதை பாதியாகிவிடும், விளையாட்டில் அது உடனே தெரியும். 3200 வேகம் என்று வாங்கினாலும் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற ராம் வேக அமைப்பை இயக்காதவரை அது குறைந்த வேகத்தில்தான் ஓடும். அக்கா வீட்டுக் கணினி வாங்கிய நாள் முதல் 2400இல் ஓடிக்கொண்டிருந்ததை நான்தான் போய் மாற்றினேன்.

கார்டு பற்றிக் குறையும் சொல்ல வேண்டும். 1080பி திரையில் எல்டன் ரிங் அதன் உச்சமான 60 ஃபிரேமில் நிற்கிறது, வேலரண்ட் 144ஐத் தாராளமாகத் தாண்டுகிறது. ரே டிரேசிங்கை (ஒளியையும் நிழலையும் நிஜம்போல் காட்டும் முறையை) மட்டும் மறந்துவிடுங்கள், இந்தக் கார்டுக்கு அந்த வலு இல்லை. புதிய விளையாட்டுகள் சிலவற்றில் கார்டின் 8 ஜிபி நினைவகம் நிறைந்து டெக்ஸ்சர் (பரப்புகளின் மேல் ஒட்டும் படம்) தரத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. 2022 செப்டம்பரில் எதீரியம் மைனிங் (கிராபிக்ஸ் கார்டுகளைக் கொண்டு கிரிப்டோ நாணயம் ஈட்டுவது) நின்றபின் பயன்படுத்திய பெரிய கார்டுகள் மலிவாக வந்தன. பில்லும் வாரண்டியும் இல்லாமல் வந்த அவற்றை நான் விரும்பவில்லை. பில்லின் அருமை எஸ்எஸ்டி செத்தபோது தெரிந்தது. சர்வீஸ் மையத்தில் வாரக்கணக்கில் இழுத்தடித்தார்கள், கடைசியில் அந்த ஜிஎஸ்டி பில்லை நீட்டிய பிறகுதான் புதியது கைக்கு வந்தது. பில்லைப் படம் எடுத்து வையுங்கள், தெர்மல் காகிதத்தில் எழுத்து அழிந்துவிடும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது கேபினட்டைப் பரணில் ஏற்றினேன். தரைத்தளத்தில் இருப்பவர்கள் கணினியைத் தரையில் வைக்காமல் மேசை மேல் வைப்பது நல்லது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தபோது 11க்கு எந்தத் தடையுமின்றி மாறியது. என் சித்தப்பா மகன் இப்போது இதே பணத்தில் கணினி கேட்கிறான். 2025 இறுதியில் ராம் விலை கடுமையாக ஏறிவிட்டதால் என் பட்டியலை அப்படியே கொடுக்க முடியவில்லை. அவனிடம் பழைய டிடிஆர்4 ராம் ஜோடி இருக்கிறது. அதை வைத்து என் பிராசஸர் பொருந்தும் அதே ஏஎம்4 வகை போர்டிலேயே கட்டிக்கொள்ளச் சொன்னேன். ராமுக்குப் போக வேண்டிய பணம் 650 வாட் எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகிறது. சனிக்கிழமை ரிச்சி தெருவுக்குப் போகிறோம்.