1,040 சதுர அடி என்று விற்ற வீட்டை அளந்து பார்த்த கதை

மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வருடப் பழைய அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றை வாங்கி ஏழு மாதம் ஆகிறது. வீட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. நல்ல தண்ணீர், நல்ல காற்று, தங்கமான அக்கம்பக்கம். கோபமெல்லாம் விளம்பரத்தில் இருந்த ஒரு எண்ணின் மேலும், அதைக் கேள்வி கேட்காமல் நம்பிய என் மேலும்தான்.

விளம்பரத்தில் 1,040 சதுர அடி என்று இருந்தது. சதுர அடி 6,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். ஆக 67 லட்சத்து 60 ஆயிரம். வீட்டைப் பார்க்கப் போனபோது ஹால் கொஞ்சம் சின்னதாகத் தெரிந்தது உண்மை. "சாமான் நிறைய கெடக்கு சார், காலி பண்ணினா பெருசா தெரியும்" என்றார் தரகர். நானும் தலையாட்டினேன்.

குடிவந்த மறுமாதம் டைல்ஸ் மாற்றலாம் என்று மேஸ்திரியைக் கூப்பிட்டேன். மொத்தம் எவ்வளவு சதுர அடி என்று கேட்டார். 1,040, சுவரெல்லாம் போக ஒரு 900 வரும் என்றேன். ஹாலை ஒரு நோட்டம் விட்டவர் சிரித்துவிட்டார். "சார், இது அறநூத்திச் சொச்சம்தான் வரும்." எனக்குச் சுருக்கென்றது. டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொன்னேன். ஹால் 18-க்கு 11. பெரிய அறை 12-க்கு பத்தரை. சின்ன அறை 11-க்கு 10. சமையலறை 9-க்கு 8. இரண்டு குளியலறையும் நடையும் சேர்ந்து 95. பால்கனி 36. கூட்டினால் 637.

அன்று இரவு பத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதில் 1,040 என்று எங்குமே இல்லை. பொது இடங்களின் பங்கையும் சேர்த்து 920 சதுர அடி என்றுதான் எழுதியிருந்தது. அந்தப் பக்கத்தின் கீழே என் கையெழுத்து.

அப்புறம் மெதுவாகக் கணக்குப் புரிந்தது. பால்கனியை விட்டுவிட்டு உள்சுவர்களைச் சேர்த்தால் சுமார் 640, வீட்டுக்குள் நாம் புழங்கும் இந்த இடத்துக்குப் பெயர் கார்ப்பெட் ஏரியா. பால்கனியும் வெளிச்சுவரும் சேர்ந்தால் 737, இதைத்தான் பிளிந்த் ஏரியா என்பார்கள். மாடிப்படி, லிஃப்ட், வராண்டா, வாட்ச்மேன் அறை என்று அதன்மேல் கால் பங்கு ஏற்றினால் 920. இதுவரை பில்டர் செய்தது, ஊரில் எல்லோரும் செய்வது. மீதி 120? தரகரையே கேட்டேன். கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல் சொன்னார்: "கார் பார்க்கிங் இருக்குல்ல சார், அதையும் சேத்துத்தான் போடுவோம்." ஸ்டில்ட்டில், அதாவது தரைத்தளத்தில் தூண்களுக்கு நடுவே, கார் நிறுத்தும் இடத்துக்கும் நான் படுக்கையறை விலை கொடுத்திருக்கிறேன். 7 லட்சத்து 80 ஆயிரம்.

சரி, வழக்குப் போடலாம் என்று தெரிந்த வக்கீலிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே என் வழக்கு முடிந்துவிட்டது. "அக்ரிமெண்ட்ல சதுர அடி ரேட் எழுதியிருக்கா?" இல்லை. பேசும்போது சதுர அடிக் கணக்கு. எழுதும்போது மொத்தத் தொகை மட்டும். அக்ரிமெண்ட் போட்ட அன்று "லம்ப்சமா போட்டுடலாம் சார், அதான் சிம்பிள்" என்று தரகர் சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விளம்பரம் பொய், பத்திரம் உண்மை. பத்திரத்தைப் படித்துக் கையெழுத்துப் போட்டவன் நான்.

வீடு வாங்குகிறவர்களைப் பாதுகாக்க வந்த ரியல் எஸ்டேட் சட்டம், ரெரா இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். 2016-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கார்ப்பெட் ஏரியா என்றால் என்ன என்று தெளிவாகவே சொல்கிறது: உள்சுவர்கள் சேரும், வெளிச்சுவர், பால்கனி, மொட்டைமாடி, குழாய்கள் போகும் ஷாஃப்ட் எதுவும் சேராது. பில்டர் தவறான விளம்பரம் கொடுத்து ஏமாற்றினால் நஷ்ட ஈடு கேட்கவும் அதில் வழி உண்டு. ஆனால் என் வீடு சட்டம் வருவதற்கு முன்பே கட்டி முடித்தது, விற்றவர் என்னைப் போல ஒரு சம்பளக்காரர். பழைய வீட்டை ஒருவர் இன்னொருவருக்கு விற்கும்போது பில்டர் மீது பாயும் அந்தப் பிரிவுகள் துணைக்கு வருவதில்லை.

இதில் என்னை இன்னும் உறுத்துவது வேறு. உண்மை இரண்டு முறை என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. 80 சதவீதம் கடன் என்றால் 54 லட்சம் வர வேண்டும். வங்கி 48-தான் தந்தது. மதிப்பீடு 60 லட்சத்துக்குத்தான் வந்திருக்கிறது என்றார் மேலாளர். "பேங்க்ல எப்பவும் கம்மியாத்தான் போடுவாங்க" என்று தரகர் சொன்னார், நான் மனைவியின் நகையை அடகு வைத்து அந்த ஆறு லட்சத்தைப் புரட்டினேன். வங்கி அனுப்பிய இன்ஜினியர் ஒழுங்காக அளந்து 920-க்குக் கணக்குப் போட்டு அறிக்கை கொடுத்திருக்கிறார். அதற்குக் கட்டணம் கட்டியது நான், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கத் தோன்றாததும் எனக்குத்தான். இரண்டாவது, சங்கத்தின் முதல் பராமரிப்பு பில். சதுர அடிக்கு 3 ரூபாய் வீதம் 2,760. 1,040-க்கு 3,120 வந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர் என்று சலுகை தந்திருக்கிறார்கள் என நினைத்துச் செயலாளருக்கு நன்றி வேறு சொன்னேன்.

வாங்கும்போது எல்லோரும் சொன்னதைச் செய்தேன். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போட்டேன், மூலப்பத்திரம் பார்த்தேன், வக்கீலிடம் லீகல் ஒப்பீனியன் வாங்கினேன். வீடு யாருடையது என்பதை இவையெல்லாம் சொல்லும், எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாது. மனையில் என் வீட்டுக்கு உள்ள பிரிபடாத பாகம், அதுதான் யு.டி.எஸ்., 480 சதுர அடி என்பதில் ஏமாற்று இல்லை. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனை, பத்து வீடு, வகுத்தால் சரியாக வருகிறது. அதைச் சரிபார்த்த நிம்மதியில்தான் மற்றதை விட்டுவிட்டேன்.

பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே தற்போதைய பத்திரத்தின் நகலையும் சங்கத்தின் பில்லையும் சொத்துவரி ரசீதையும் கேளுங்கள். தர மறுத்தால் அங்கேயே விட்டுவிடலாம். டேப் கொண்டுபோகக் கூச்சமாக இருந்தால் தரை டைல்ஸை எண்ணுங்கள். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் என்றால் ஒன்று நான்கு சதுர அடி. சதுர அடி விலை பேசினால் அந்த விலையும், எந்தக் கணக்கில் எத்தனை சதுர அடி என்பதும் அக்ரிமெண்டில் வர வேண்டும். நான் உண்மையில் கொடுத்தது கார்ப்பெட் ஏரியாவுக்குச் சதுர அடி பத்தாயிரத்து ஐநூறுக்கு மேல். அந்த விலை முதலிலேயே தெரிந்திருந்தால் ஒருவேளை வாங்கியும் இருப்பேன், பேரம் வேறு மாதிரி போயிருக்கும்.

எங்களுக்கு நேர் மேலே உள்ள வீடு போன வாரம் விற்பனைக்கு வந்திருக்கிறது. அதே ஹால், அதே அறைகள், அதே பால்கனி. விளம்பரத்தில் 1,060 சதுர அடி. ஞாயிற்றுக்கிழமை ஒரு இளம் தம்பதி பார்க்க வந்தார்கள். படியில் ஏறிக்கொண்டிருந்தவர்களை நிறுத்தி, எங்கள் வீட்டு டேப்பைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.